இணையத் தொடர்பு இடையில் அறுவது ஏன்?

இணைய இணைப்பு உள்ள பள்ளிகளிலும் களப்பணி அலுவலகங்களிலும் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. தொலைவிலுள்ள கணினியில் நுழைந்து விவரங்களைப் பதிந்துகொண்டிருக்கும் ஊழியர், வந்தவர் ஒருவருக்கு விடை கூறிவிட்டுத் திரும்புகின்றார். திரை உறைந்து நிற்கின்றது. எந்த விசையை அழுத்தினும் பயனில்லை. இணையத் தொலைபேசியிலிருந்து வெளியே அழைத்துப் பேச முடிகின்றது. ஆனால் வெளியிலிருந்து அழைப்போருக்கு அதன் மணி ஒலிப்பதே இல்லை. தோட்டத்து மோட்டாரைத் தொலைவிலிருந்து நிறுத்துவதற்கென வைத்த கருவி மாலையில் இட்ட கட்டளையைப் பெறாமற்போக, இரவெல்லாம் நீர் வீணாகப் பாய்கின்றது. இவ்வளவுக்கும் ரவுட்டர் என்னும் பெட்டியின் விளக்குகள் யாவும் ஒழுங்காகவே எரிகின்றன. பக்கத்து மேசையில் இருப்பவர் தடையின்றிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கின்றார்.

இத்தகைய வேளையில் பெரும்பாலோர் செய்வது ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குவதேயாகும். உடனே எல்லாம் சரியாகின்றது. மறுநாள் அதே தொல்லை திரும்புகின்றது. பின்னர்க் கம்பி மாற்றப்படுகின்றது, அதன்பின் ரவுட்டரே மாற்றப்படுகின்றது, இறுதியில் இணைப்பு வழங்கும் நிறுவனமும் மாற்றப்படுகின்றது. பள்ளியின் சிறு செலவுத் தொகை இவ்வாறு கரைந்தபின்னும் தொல்லை தீராமைக்குக் காரணம், கோளாறு கம்பியில் இல்லாமையே. அது பெரும்பாலும் ரவுட்டரின் நினைவகத்திலுள்ள ஒரு சிறு பட்டியலில் இருக்கின்றது. அப்பட்டியல் யாது, அதிலுள்ள வரிகள் ஏன் அழிகின்றன என்பதை அறிந்தவர்க்கு இக்கோளாற்றைக் கண்டறிதல் அரிதன்று.

முகவரிப் பஞ்சம்

இணையத்தில் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் எண் வேண்டும். 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுக்கப்பெற்று இன்றும் பெருவழக்கில் உள்ள நான்காம் பதிப்பு முறையில் இம்முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சமேயாகும். அன்று இது வற்றாத கிணறு போலத் தோன்றியது. பத்தே ஆண்டுகளில் அடித்தரை தெரியலாயிற்று.

1994ஆம் ஆண்டு மே மாதத்தில் கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் என்னும் இருவர் ஓர் இடைக்கால ஏற்பாட்டை முன்வைத்தனர். ஒரு நிறுவனத்தின் உள்ளே வழங்கும் முகவரிகள் உள்ளேயே இருக்கட்டும். வெளியே செல்லும் வாயிலில் மட்டும் அவற்றைப் பொது முகவரியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்தம் கருத்து. 1996 பிப்ரவரியில் இத்தகைய உள்முகவரிகளுக்கென மூன்று தொகுதிகள் உறுதிசெய்யப்பட்டன. வீட்டு ரவுட்டர்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் அவற்றுள் ஒரு தொகுதியாகும், 10 எனத் தொடங்குபவை மற்றொன்று, 172.16 முதல் 172.31 வரையுள்ளவை மூன்றாவது. 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. இடைக்காலத்துக்கெனப் போட்ட பந்தலின் கீழேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் குடித்தனம் நடத்தி வருகின்றது எனலாம்.

பதிவேட்டின் வேலை

இந்த முகவரி மாற்றம் நடைபெறும் முறையை அரசு அலுவலகத்தின் தபால் பிரிவைக்கொண்டு எளிதில் விளக்கலாம். அலுவலகத்தில் பல பிரிவுகள் இருப்பினும் வெளியே செல்லும் கடிதங்கள் யாவும் ஒரே அலுவலக முகவரியிலிருந்தே செல்கின்றன. அனுப்பும் எழுத்தர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் இட்டு, அது எந்தப் பிரிவிலிருந்து வந்தது, யாருக்குச் செல்கின்றது என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றார். பதில் எழுதுவோர் ‘பார்வை’ என்னும் தலைப்பின்கீழ் அந்த எண்ணைக் குறிப்பிடுகின்றனர். பதில் வந்ததும் எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து உரிய பிரிவுக்கு அனுப்பிவிடுகின்றார். பதிவேட்டில் அந்த எண் இல்லையெனில் கடிதத்தை எங்கே அனுப்புவது என்பது அவருக்குத் தெரியாது.

ரவுட்டர் செய்வதும் இதுவே. அலுவலகத்தில் 192.168.1.23 என்னும் உள்முகவரியுடைய கணினி, 51514 என்னும் போர்ட் எண்ணிலிருந்து வெளியிலுள்ள ஒரு கணினிக்குச் செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். ரவுட்டரின் பொது முகவரி 203.0.113.7 எனவும் கொள்வோம். (203.0.113 எனத் தொடங்கும் முகவரிகள் நூல்களில் எடுத்துக்காட்டாகக் கூறுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவையாதலால், இவை எவர் வீட்டு முகவரியும் அல்ல.) ரவுட்டர் செய்தியின் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதுகின்றது, போர்ட் எண்ணையும் 40022 என்பதுபோன்ற வேறோர் எண்ணாக மாற்றுகின்றது. அதே கணத்தில், 40022 என்பது 192.168.1.23இன் 51514க்கு உரியது என்று தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதிக்கொள்கின்றது. பதில் 40022க்கு வந்தவுடன் அவ்வரியைப் பார்த்து உள்ளே சேர்ப்பிக்கின்றது. முகவரியோடு போர்ட் எண்ணையும் சேர்த்து மாற்றும் இம்முறை 2001 ஜனவரியில் வெளியான ஆவணத்தில் விரிவாக வகுத்துரைக்கப்பட்டது. ஒரே பொது முகவரியின்கீழ் வீடு முழுவதும் இயங்குவது இதனாலேயே.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வரியை எழுதச் செய்வது உள்ளிருந்து புறப்படும் செய்தி மட்டுமே. வெளியிலிருந்து வரும் செய்தி வரியைப் பயன்படுத்திக்கொள்ளுமேயன்றிப் புதிதாக உண்டாக்காது. தொலைபேசியில் பேச முடிந்தும் மணி ஒலிக்காமற்போவதன் மருமம் இதில் அடங்கியுள்ளது.

வரிகள் அழிவது ஏன்?

எழுதிய வரிகளையெல்லாம் என்றென்றும் வைத்திருக்க ரவுட்டரின் நினைவகம் இடந்தராது. போர்ட் எண்களும் 65,536க்கு மேல் இல்லை. ஆதலால் வேலை முடிந்த வரிகளை அழித்தாக வேண்டும். வேலை முடிந்ததென்பதை அறிவது எவ்வாறு என்பதே சிக்கல்.

இணையத்தில் செய்திகள் பெரும்பாலும் இரு முறைகளில் செல்கின்றன. டி.சி.பி. என்னும் முறையில் உரையாடல் தொடங்குவதையும் முடிவதையும் இரு முனைகளும் முறைப்படி அறிவித்துக்கொள்கின்றன. இடையிலுள்ள ரவுட்டர் அதனைக் கண்டு வரியை அழித்துவிடலாம். எனினும் மின்சாரம் நின்றதாலோ, மடிக்கணினியை மூடிவிட்டதாலோ அறிவிப்பின்றி நின்றுபோகும் உரையாடல்களும் பல. யூ.டி.பி. என்னும் மற்ற முறையிலோ தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. செய்திகள் தனித்தனியே போய்க்கொண்டிருக்கும். குரலையும் படத்தையும் விரைந்து அனுப்ப இம்முறை ஏற்றது. ஆனால் உரையாடல் ஓய்ந்துவிட்டதா, மூச்சு வாங்குகின்றதா என்பதை இதில் ரவுட்டரால் அறிய இயலாது. எனவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடிகாரம் வைக்கப்படுகின்றது. செய்தி ஒன்று கடக்குந்தோறும் கடிகாரம் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும்; குறித்த காலம்வரை எதுவும் கடவாவிடில் வரி அழிக்கப்படும்.

அக்காலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு இணையப் பொறியியற் பணிக்குழு வரையறை தந்துள்ளது. யூ.டி.பி. வரிகளைப் பொதுவாக 2 நிமிடத்துக்குக் குறைவான காலத்தில் அழிக்கலாகாது; 5 நிமிடமோ அதற்கு மேலோ வைத்திருப்பது நன்று என்பது 2007ஆம் ஆண்டின் ஆவணம். நிலைபெற்ற டி.சி.பி. உரையாடலுக்கு 2008ஆம் ஆண்டின் ஆவணம் 2 மணி 4 நிமிடத்தைக் குறைந்த அளவாக விதிக்கின்றது. இந்த விந்தையான கணக்குக்குக் காரணம் உண்டு. ஓய்ந்திருக்கும் டி.சி.பி. உரையாடலில் எதிர்முனை உயிரோடு உள்ளதா எனச் சோதிக்கும் சிறு செய்தியைக் கணினிகள் இயல்பாக 2 மணிக்கு ஒருமுறையே அனுப்புகின்றன. அது வந்து சேரும்வரையிலாவது வரி நிலைத்திருக்க வேண்டுமன்றோ?

நடைமுறையோ பலவாறாக உள்ளது. பல ரவுட்டர்களுக்கு அடிப்படையாக இருக்கும் லினக்ஸ் மென்பொருளில், பதில் வராத யூ.டி.பி. வரிக்கு 30 விநாடியும், இருபுறமும் தொடர்ந்து செய்தி செல்லும் வரிக்கு 120 விநாடியும், நிலைபெற்ற டி.சி.பி. வரிக்கு 5 நாளும் இயல்பான அளவுகள். ரவுட்டருக்கென வெளியிடப்படும் சில திறந்த மென்பொருள்கள் அந்த 5 நாளை 7,440 விநாடியாக, அதாவது சரியாக 2 மணி 4 நிமிடமாக, குறைத்து அமைக்கின்றன. விலை மலிந்த கருவிகள் சிலவற்றில் அது சில நிமிடங்களேயாகும்.

வரி அழிந்ததை ரவுட்டர் எவருக்கும் அறிவிப்பதில்லை. இரு முனைகளும் தொடர்பு இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் செய்தி வழியறியாது எறியப்படுகின்றது. உள்ளிருந்து அடுத்த செய்தி புறப்படும்போது ரவுட்டர் புதிய வரி எழுதி, புதிய போர்ட் எண்ணோடு அதனை அனுப்பக்கூடும். எதிர்முனைக்கோ அது முன்பின் அறியாதவர் எழுதிய கடிதம். அது தொடர்பை மறுக்கும், அல்லது பேசாதிருக்கும். உறைந்த திரைக்கு இதுவே காரணம். செய்தித்தாள் படிப்பவருக்கு இத்தொல்லை இல்லாததும் இதனால் விளங்கும்: அவர் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் தேவையான வரி புதிதாக எழுதப்படுகின்றது.

கண்டறியும் முறை

கோளாறு நேர்ந்தவுடன் ரவுட்டரை நிறுத்தி இயக்குவது நோயாளியின் நாடியைப் பார்க்குமுன் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். பதிவேட்டு வரிகள், பொது முகவரி, வைஃபை அலைவரிசை ஆகிய எல்லாம் அவ்வொரு செயலால் ஒருங்கே மாறக்கூடுமாதலால், எது மாறியதால் குணம் கண்டது என்பதை அறிய வழியில்லாமற்போகின்றது. பிறருடைய தொடர்புகளும் அறுகின்றன. ஆகவே முதலில் ஒரு குறிப்பேடு வேண்டும். அறுந்த நேரம், யார் யாருக்கு அறுந்தது, அறுமுன் எவ்வளவு நேரம் அத்தொடர்பு ஓய்ந்திருந்தது என்னும் மூன்றை ஒரு வாரம் குறித்துவரின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஓய்ந்திருந்த தொடர்பு மட்டும் அறுந்து, ஓடிக்கொண்டிருந்தவை நிலைத்திருந்தால் கடிகாரத்தையே ஐயுற வேண்டும். எல்லாருக்கும் ஒரே கணத்தில் அறுந்தால் அது வெளிக்கம்பியின் கோளாறு, மின்சாரக் குறைவு, அல்லது இணைப்பு நிறுவனம் பொது முகவரியை மாற்றியமை. பொது முகவரி மாறினால் பழைய வரிகள் யாவும் பயனற்றவையாகும். பழைய தொடர்புகள் ஓடிக்கொண்டிருக்கப் புதியவை மட்டும் திறவாவிடில் பட்டியல் நிரம்பிவிட்டது எனக் கருதலாம். ஒரே நேரத்தில் பலரிடமிருந்து கோப்புகளைப் பெறும் நிரல்களும், தீநிரல் புகுந்த கண்காணிப்புக் காமிராக்களும் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதச்செய்து பிறருக்கு இடமில்லாமற் செய்துவிடும். ஒருவருக்கு மட்டும், அதுவும் அறை மாறும்போது மட்டும் அறுந்தால் வைஃபையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு பிங் சோதனைகளை ஒருசேர ஓடவிடுதல் நல்ல முறை. ஒன்று ரவுட்டரின் உள்முகவரிக்கு, மற்றொன்று வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு. இரண்டும் நின்றால் குற்றம் வீட்டுக்குள். வெளியே செல்வது மட்டும் நின்றால் குற்றம் கம்பியிலோ அதற்கு அப்பாலோ. இரண்டும் தடையின்றி ஓட, வேலை மட்டும் அறுந்தால் பதிவேட்டின்மேல் ஐயம் வலுப்படும். பிங் ஓடிக்கொண்டிருப்பதால் பிற தொடர்புகளின் வரிகளும் உயிரோடிருக்கும் எனக் கருதுவது தவறு. அது தன் வரியை மட்டுமே காக்கின்றது.

கடிகாரத்தின் அளவையே காணவும் வழியுண்டு. தொலைக்கணினி ஒன்றில் நுழைந்து, 1 நிமிடம் வாளாவிருந்து, பின் ஒரு விசையை அழுத்துக. விடை வந்தால் 2 நிமிடம், பின்னர் 4, 8, 16 என இரட்டித்துச் செல்க. விசையை அழுத்தியவுடன் கடிகாரம் திரும்பத் தொடங்கிவிடுவதால் ஒவ்வொரு முறையும் ஓய்வை முதலிலிருந்தே எண்ண வேண்டும். 8இல் உயிரோடிருந்து 16இல் அறுந்தால் 12இல் சோதிக்க. விடை 5, 10, 30 என முழு எண்ணாகத் திரும்பத் திரும்ப வருமாயின் ஐயமே வேண்டாம். கம்பியின் கோளாறு கடிகாரம் பார்த்து வருவதில்லை.

ஆயினும் எதிர்முனைக் கணினியும் ஓய்ந்திருப்போரைக் குறித்த காலத்தில் வெளியேற்றலாம். மதிப்பெண் பதியும் பக்கங்களில் பாதுகாப்புக் கருதி இவ்வாறு செய்வது வழக்கம். அங்கே ‘மீண்டும் நுழைக’ என்னும் அறிவிப்புத் தோன்றும். பதிவேடு அழிந்தாலோ அறிவிப்பின்றி உறையும். உறுதி செய்ய, அதே சோதனையைக் கைபேசி வழியாகப் பெற்ற இணைப்பில் செய்துபார்க்கலாம். அங்கும் அதே நிமிடத்தில் அறுந்தால் பெரும்பாலும் ரவுட்டர் குற்றமற்றது.

பதிவேட்டுக்குமேல் பதிவேடு

ஃபைபர் இணைப்புடன் நிறுவனம் தரும் பெட்டி பெரும்பாலும் தானே ஒரு ரவுட்டர். அதன்பின் பள்ளி தனது சொந்த ரவுட்டரையும் வைத்தால் இரண்டு பதிவேடுகள் ஆகின்றன. முகவரிப் பற்றாக்குறையால் நிறுவனமும் தன் பக்கத்தில் ஒன்று வைத்திருக்குமாயின் மூன்று. இவற்றுள் எதன் கடிகாரம் மிகக் குறுகியதோ அதுவே தொடர்பின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

இதனை அறிய ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் அதன் வெளிமுகவரியைப் பார்த்தால் போதும். அது 192.168 எனவோ 10 எனவோ தொடங்கினால் மேலே இன்னொரு பதிவேடு உண்டு. 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணாயின் அது நிறுவனத்தின் பதிவேட்டுக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. வீட்டுக்குள் இரண்டு இருப்பின், நிறுவனத்தின் பெட்டியைப் பிரிட்ஜ் என்னும் நிலையில் வைத்தோ, சொந்த ரவுட்டரை வைஃபை நிலையமாக மட்டும் இயங்கச்செய்தோ ஒன்றை நீக்கிவிடலாம். நிறுவனத்தின் பதிவேட்டை மாற்றுவது பயன்படுத்துவோர் கையில் இல்லை. அங்கே வேறு வழி காண வேண்டும்.

பரிகாரங்கள்

அந்த வழி, கடிகாரம் முடியுமுன் ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டிருப்பதாகும். கீப்-அலைவ் என இது வழங்கப்படுகின்றது. வயர்கார்ட் என்னும் காப்புவழி நிரலுக்கு 25 விநாடி தகுந்த இடைவெளி என அதன் ஆசிரியரே கூறியுள்ளார். மேற்கூறிய 30 விநாடிக் கடிகாரத்துக்கு அது சற்றுக் குறைவாயிருப்பது காண்க. தொலைக்கணினியில் நுழையும் எஸ்.எஸ்.எச். நிரலில் 60 விநாடி என அமைத்தால் பெரும்பாலும் போதும். இச்செய்தியை உள்முனையிலிருந்து அனுப்புவதே சிறந்தது. வரி அழிந்தபின் வெளியிலிருந்து வருவது பயன்தராது என்பது முன்னரே கூறப்பட்டது. 25 விநாடிக்கு ஒன்றென நாளொன்றுக்கு 3,456 செய்திகள் ஆகின்றன. கணினிக்கு இது ஒரு பொருட்டன்று. பாட்டரியால் இயங்கும் களக்கருவிக்கோ இது சுமையாதலால், சோதனையில் கண்ட கால அளவுக்குச் சற்றுக் குறைவாகவே இடைவெளியை வைக்க வேண்டும்.

இணையத் தொலைபேசிகள் தம் இருப்பிடத்தை நிலையத்தில் பதிந்துகொள்ளும் கெடு, வேறு குறிப்பு இல்லையெனில் 1 மணி நேரம். யூ.டி.பி. வரியின் ஆயுளோ சில நிமிடங்கள். எஞ்சிய நேரம் முழுவதும் அழைப்புகள் வாயிலிலேயே எறியப்படும். தொலைபேசியின் அமைப்பில் கெடுவைக் குறைத்தல் வேண்டும், அல்லது கீப்-அலைவை இயக்க வேண்டும். ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்றொரு வசதி இருக்கும். தொலைபேசிக்கு உதவுவதற்கென அமைந்த இது பல கருவிகளில் உபகாரத்தைக் காட்டிலும் உபத்திரவமே மிகுதியாகச் செய்வதால், ஒருமுறை நிறுத்திவைத்துப் பார்ப்பது தகும்.

சில ரவுட்டர்களில் கடிகாரத்தையே நீட்டிக்கொள்ளலாம். டி.சி.பி.க்கு 7,440 விநாடி என வைப்பது விதிக்கு இசைந்தது. இன்னும் நீட்டினால் நல்லதென எண்ணி நாட்கணக்காக வைப்போர், செத்த வரிகளால் பட்டியல் நிரம்பும் மற்றத் தொல்லையில் சிக்குவர்.

128 இரும இலக்க முகவரியுடைய ஆறாம் பதிப்பு முறையில் இந்த மாற்றத்துக்கே தேவையில்லை. இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் இதற்கான திட்ட வரைவை வெளியிட்டது. கைபேசி இணைப்புகளில் இம்முறை இன்று பெருமளவில் வழங்குகின்றது. இதற்கு மாறினால் தொடர்பு அறவே அறாது எனச் சொல்வாரும் உளர். அது முற்றும் சரியன்று. ஆறாம் பதிப்பிலும் ரவுட்டரின் தீச்சுவர், உள்ளிருந்து தொடங்காத செய்திகளைத் தடுப்பதற்காக ஒரு பதிவேடு வைத்திருக்கின்றது. அதற்கும் கடிகாரம் உண்டு. முகவரி மாறாது, போர்ட் மாறாது. ஓய்ந்த தொடர்பு மறக்கப்படுவது மட்டும் தொடரும்.

வகுப்பில் காட்ட

இப்பொருளை ஆசிரியர்கள் கருவி எதுவுமின்றி வகுப்பிலேயே நடத்திக்காட்டலாம். நான்கு மாணவர்கள் உள்ளே; இருவர் வாயிலுக்கு வெளியே; ஒருவர் வாயிலில் குறிப்பேடும் கைக்கடிகாரமுமாக நிற்கட்டும். உள்ளிருப்போர் சீட்டெழுதித் தர, வாயிலில் நிற்பவர் பெயரை மறைத்து எண்ணிட்டு வெளியே கொடுத்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அரை நிமிடம் சீட்டு எதுவும் கடவாத வரியை அவர் அடித்துவிட வேண்டும். சிறிது நேரம் சென்றபின், உள்ளே உள்ள ஒரு மாணவனைப் பேசாதிருக்கச் சொல்லி, அவனுக்குரிய பதிலை ஒரு நிமிடம் தாமதித்துத் தருமாறு வெளியிலிருப்பவரிடம் கூறுக. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் நிற்பவர் திகைப்பதை வகுப்பு முழுவதும் காணும். அடுத்த முறை அதே மாணவனை இருபது விநாடிக்கு ஒரு வெற்றுச் சீட்டு அனுப்பிக்கொண்டே இருக்கச் செய்தால், தாமதித்த பதிலும் அவன் கைக்கே வந்து சேரும். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஐந்து வரிகளுக்கு மட்டுமே இடம் என விதித்து, ஒரே மாணவனை விரைவாகப் பல சீட்டுகள் அனுப்பச் செய்தால் மற்றவர்கள் வரிசையில் காத்து நிற்பதையும் காட்டலாம்.